எங்கள் தோட்டத்தில் முதலில் போன் வாங்கியவள்

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் உபதேசியார் எங்கள் சிற்றாலயத்தில் குடும்ப வாழ்க்கை பற்றிப் பேசினார். கைப்பேசி வந்த பிறகு வீடுகளில் பேச்சே நின்றுவிட்டது, ஆளுக்கொரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் பாதி ஆட்டினேன். என் மகள் ஜெனிக்குப் பதினான்கு வயது. சாப்பிட வா என்று அடுத்த அறைக்குச் செய்தி அனுப்பினால்தான் அவள் எழுந்து வருகிறாள். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் ரோசம்மா தலையாட்டவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, "அந்த ஐயா நல்லாத்தான் பேசுனாரு. எங்க வீட்டுக் கத அவருக்குத் தெரியாதுலா" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கதையை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். லால்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு வந்து பதினைந்து வருடம் முடிகிறது. கோலா சாவாவுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டம். என் கணவர் ஜேம்ஸுக்கு எண்ணெய் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. ஊரிலிருந்து யார் பேசினாலும் கடைசியில் இரண்டு கேள்வி வந்துவிடும். அங்கே மழை எப்படி? அங்கேயும் எல்லாரும் போனும் கையுமாகத்தான் இருக்கிறார்களா? மழை இங்கே பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் கொட்டிவிட்டுப் போகும். இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். அது என் நாத்தனார் அமலாவின் கதை.

2

வந்த முதல் நாள் மாமியார் என்னிடம், "தண்ணி கலக்கவா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் தண்ணி என்று ஒரு மாதிரி இழுத்துச் சொன்னால் அர்த்தம் வேறு. நான் வேண்டாம் என்று பலமாகத் தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை. "கொஞ்சமாவது குடிச்சிட்டுப் படும்மா, அலுப்பு தீரும்" என்றார். என்ன குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கே தேநீரும் தண்ணிதான், காப்பியும் தண்ணிதான் என்று ஜேம்ஸ் விளக்கிச் சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சிரித்தார்.

தமிழிலேயே இந்தப் பாடு என்றால் மலாயைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தலைக்கும் தேங்காய்க்கும் மலாயில் ஏறக்குறைய ஒரே மாதிரி வார்த்தை. கிளினிக்கில் போய் எனக்குத் தேங்காய் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை கொடுத்தார். ஒவ்வோர் ஆண்டும் விசா புதுப்பிக்கச் சிரம்பானுக்குப் போக வேண்டும். கணவரும் கூட வரவேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் முறை அலுவலக முகப்பில் இருந்த பெண் "சூசைராஜ், சூசைராஜ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது என் அப்பா பெயர். கடவுச்சீட்டில் பின்னால் இருந்த பெயரைத்தான் அவர்கள் என் பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்து நான் எழுவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த முதல் வருடத்தில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு மலாயும் தமிழும் ஆங்கிலமுமாக ஓடும். எனக்குப் பாதி புரியாது. யாராவது சிரித்தால் நானும் சிரித்து வைப்பேன். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே இன்னொருத்தியும் அப்படியே சிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அமலாதான். நான் பார்த்துவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைச் சிமிட்டினாள்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. தூரத்து ஊர் ஒன்றில் காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, சிரம்பான் லோபாக்கில் ஒரு திரைச்சீலைக் கடையில் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவள் கற்றது மலாய் எழுத்தும் சைகை மொழியும். வீட்டில் யாருக்கும் அந்தச் சைகை மொழி தெரியாது. மாமியாருக்கு எந்த எழுத்தும் தெரியாது. வீட்டுக்கென்று சில சைகைகள் வைத்திருந்தார்கள். வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சாப்பாடு. மீசையைத் தடவினால் மூத்த அண்ணன் அந்தோணி. கைகூப்பினால் கோயில். மழை, குளியல், கடை, வேலை. அவ்வளவுதான். அதற்கு மேல் அவளோடு யாரும் எதுவும் பேசியதில்லை, பேசவும் முடியாது. சொந்தக்காரர்கள் வந்தால், "அமலா ரொம்ப அமைதியான புள்ள" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் அம்மாவோடு பேசுவதற்கு அப்போது கடையில் போன் அட்டை வாங்க வேண்டும். அட்டையைச் சுரண்டி, நீளமான எண்ணை அழுத்தி, நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஊரில் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடி வந்து மூச்சு வாங்க "நல்லாருக்கியா?" என்று கேட்பார். நல்லாருக்கேன் என்பதற்குள் நான் அழுதுவிடுவேன். ஒரு தடவை நான் பேசி முடித்து அழுதுகொண்டிருந்தபோது அமலா வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். இதற்குள்ளிருந்து என்ன வந்து உன்னை அழவைத்தது என்பதுபோல் இருந்தது. 

3

படம் பார்த்துப் பேசுகிற போன் எங்கள் தோட்டத்துக்கு முதலில் யார் மூலம் வந்திருக்கும் என்று கேட்டால் நீங்கள் கணக்கெழுதுகிற கிராணி வீடு என்பீர்கள், அல்லது இளவட்டப் பையன்கள் என்பீர்கள். வந்தது அமலா மூலம். லோபாக்கில் மாதத் தவணைக்கு வாங்கி வந்தாள். அன்றைக்கு வீட்டில் ஒரே கேள்வி. அந்தோணி அண்ணன் தோட்டத்தில் மண்டோர். வேலையாட்களைப் பிரித்து அனுப்பிக் கணக்குப் பார்க்கிற பொறுப்பு. மாமனார் இல்லாத வீட்டுக்கும் அவர்தான் பெரியவர். "காது கேக்காத புள்ளைக்கு போன் எதுக்குலா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் எல்லாருக்குமே போன் என்றால் காதில் வைப்பது.

எங்கள் வரிசை வீடுகளில் அப்போது முகம் தெரிகிற அளவுக்குச் சிக்னல் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு குட்டைச் சுவர் உண்டு. அந்த இடத்தில் மட்டும் கிடைக்கும். அமலா வேலைவிட்டு வந்ததும் அந்தச் சுவரின்மேல் பிஸ்கட் டின் ஒன்றை வைத்து, அதில் போனைச் சாய்த்து நிறுத்தி, எதிரே நின்று இரண்டு கையாலும் பேச ஆரம்பித்தாள். மேற்கு வெயில் அவள் முகத்தில் விழுகிற மாதிரி பார்த்து நிற்பாள். கை தெரியவேண்டும் அல்லவா. பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ரோசம்மா மகளுக்கு என்னமோ பிடித்துவிட்டது என்று ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடியது.

ஒரு சாயங்காலம் மாமியாரும் நானும் அவளைச் சாப்பிடக் கூப்பிடப் போனோம். அவள் எங்களைக் கவனிக்கவில்லை. போனில் நாலைந்து சதுரத்தில் நாலைந்து முகங்கள், எல்லாம் அவளோடு விடுதியில் படித்தவர்கள். அமலா ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கடை முதலாளியின் நடை, வாடிக்கையாளர் ஒருத்தி துணியை முகர்ந்து பார்க்கிற விதம், எல்லாவற்றையும் முகத்திலும் தோளிலும் கொண்டுவந்தாள். கைகள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தப் பக்கம் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி குறுக்கே பேச வந்தாள். அமலா கையை நீட்டி, இரு, நான் முடிக்கவில்லை என்பதுபோல் அவளை நிறுத்தினாள்.

மாமியார் நின்ற இடத்திலேயே நின்றார். பெற்ற மகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெல்லிய குரலில் கேட்டார்.

"இவ இவ்ளோ பேசுவாளா?"

நாங்கள் கூப்பிடாமலே திரும்பி வந்தோம்.

4

என் அம்மாவுக்கு ஊரில் தம்பி ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். முதல் தடவை முகம் பார்த்துப் பேசலாம் என்று ஆசையாகக் கூப்பிட்டேன். அம்மா போனைப் பழக்கத்தில் காதில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் காதும் கம்மலும்தான். முகத்துக்கு நேரே பிடி என்று கத்தியதும் மேசையில் படுக்கவைத்தார், மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அமலா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு டின், ஒரு போன், ஒரு சன்னல் என்று தாளில் படம் வரைந்தாள். அந்தப் படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். மறுநாள் அம்மா ஒரு சம்படத்தில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு முழுசாகத் தெரிந்தார்.

அப்படியேதான் தோட்டத்திலும் பரவியது. முதலில் வந்தவர் சிங்கப்பூரில் மகன் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா. பிறகு புக்கிட் பெலண்டோக்கில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த ஒரு அம்மா, பேரப்பிள்ளை தவழ்வதைப் பார்க்க வேண்டும் என்று. ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் தேவைப்பட்டது, அதற்காக வாங்கினார்கள். வாங்கியதும் அமலாவிடம்தான் கொண்டுவந்தார்கள். கடையில் சொல்லிக்கொடுத்தால் வேகமாகச் சொல்லிவிடுகிறான், இவள் பொறுமையாகக் கையைப் பிடித்துக் காட்டுகிறாள் என்றார்கள். பேச்சு தேவைப்படாத பாடம் அது. சிக்னல் வீட்டுக்குள்ளும் வர ஆரம்பித்ததும், எங்கள் வரிசையில் எல்லார் வீட்டுச் சன்னலோரத்திலும் ஒரு டின் உட்கார்ந்துகொண்டது.

அந்தோணி அண்ணன் கடைசியாக வந்தார். வெட்டிய குலைகளைப் படமெடுத்து அனுப்பவேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மண்டோர் வேறு வழியில்லாமல் தங்கையிடம் போனை நீட்டினார். அவள் கற்றுக்கொடுத்தாள். இரண்டு மாதத்தில் அவர்தான் எல்லாரையும்விட மும்முரம். இங்கே பத்திரிகைகளில் வாட்ஸ்அப்பைப் புலனம் என்று அழகாக எழுதுகிறார்களே, அந்தப் புலனத்தில் கோயில் குழு, தோட்டக் குழு, சொந்தக்காரர்கள் குழு என்று எதையும் விடவில்லை. காலையில் ரோஜாப்பூவோடு ஒரு வணக்கம், மத்தியானம் மூட்டுவலிக்கு மருந்து, சாயங்காலம் யாரோ எங்கோ ஏமாந்த செய்தி. வந்ததையெல்லாம் அப்படியே நம்புவார்.

ஊரடங்குக் காலத்தில் விமானங்கள் நின்றிருந்தபோது என் அப்பா இறந்தார். அடக்கத்தைப் போனில்தான் பார்த்தேன். சித்தப்பா மகன் அழுதுகொண்டே பிடித்திருந்ததால் படம் ஆடிக்கொண்டே இருந்தது. வீட்டில் மற்றவர்கள் என்னை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் அறைக்கு வெளியே நின்றார்கள். அமலா மட்டும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை திரையைப் பார்த்தாள். பெட்டியை மூடும்போது என் கண்ணை நான் மூடிக்கொண்டேன். அவள் என் முழங்கையைத் தட்டி, பார் என்று கை காட்டினாள். நான் பார்த்தேன். அன்று பார்க்காமல் விட்டிருந்தால் இன்றுவரை என் மனம் ஆறியிருக்காது.

ஜெனி அப்போதே அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். பள்ளி மூடியிருந்த மாதங்களில் அத்தையிடமும், போனில் கிடைக்கிற காட்சிகளைப் பார்த்தும் சைகை மொழி முழுவதையும் கற்றுக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். தமிழில் நாலு வரி எழுதச் சொன்னால் முகத்தைச் சுளிப்பாள், என்னோடு பேசும்போது பாதி மலாய் வந்துவிடும். இதை மட்டும் எப்படிக் கற்றாள்? ஒரு நாள் அவளே வந்து, அத்தை உங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறாள் என்றாள். காது கேளாதவர்கள் தெரிந்தவர்களுக்குச் சைகையில் ஒரு பெயர் வைப்பார்களாம். என் பெயர், மூக்குத்தி இருக்கும் இடத்தை விரலால் தொட்டு எடுப்பது. லூர்துமேரி என்கிற பெயரை இந்த நாட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இதை அமலாவின் தோழிகள் எல்லாரும் சரியாகச் சொன்னார்கள்.

5

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு முகம் அடிக்கடி வர ஆரம்பித்தது. சேவியர். தைப்பிங்கில் ரொட்டி சுடும் ஆலையில் வேலை. அவருக்கும் காது கேட்காது. ஏதோ ஒரு குழுவில் பழக்கம். மற்றவர்கள் போன பிறகும் அவர் சதுரம் மட்டும் அணையாமல் இருக்கும். அமலா முடியைச் சரிசெய்துகொண்டு பேசுவாள். எனக்குப் புரிந்தது, மாமியாருக்கும் புரிந்தது.

அந்தோணி அண்ணனுக்குத் தெரிந்தபோது அவர் கத்தவில்லை, பயந்துபோனார். புலனத்தில் அவருக்கு வந்திருந்த அத்தனை ஏமாற்றுக் கதைகளும் ஒன்றாக வந்து அவர் எதிரில் நின்றிருக்க வேண்டும். நேரில் பார்க்காத ஆள். படம் நிஜமா, பெயர் நிஜமா யாருக்குத் தெரியும்? சரி, நிஜமாகவே இருந்தாலும் இரண்டு பேருக்கும் காது கேட்காவிட்டால் குடித்தனம் எப்படி நடக்கும்? அவர் ஜேம்ஸிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு அமலாவின் போனை வாங்கிக்கொண்டு போய்த் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். உன் நல்லதுக்குத்தான் என்று அவளிடம் சொல்ல அவருக்குச் சைகை தெரியவில்லை. கையைக் கும்பிடுவதுபோல் வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அமலா அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. மறுநாள் வழக்கம்போல வேனில் ஏறி வேலைக்குப் போனாள். வந்தாள். குளித்தாள். சாப்பிட உட்கார்ந்து, நாங்கள் சிரித்தபோது சிரித்து வைத்தாள். மற்ற நேரமெல்லாம் கைகளை மடியில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாரம் ஒன்று போனது. ஜெனி சைகையில் பேச வந்தாலும் அவள் கை மடியை விட்டு எழவில்லை. ஒரு சொந்தக்காரப் பெண் வந்திருந்தபோது, "அமலா எப்பவும்போல அமைதியாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அப்படிச் சொன்னதும் மாமியார் எழுந்தார். நேரே அந்தோணி அண்ணன் வீட்டுக்கு நடந்தார். அடுத்த வரிசைதான். நானும் பின்னால் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி போனக் குடு."

"மா, ஒங்களுக்கு ஒன்னும் தெரியாது. அவன் யாரு, என்னா ஆளு..."

"எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. போயிப் பாரு, தெரிஞ்சிக்க. ஆனா அவ வாயக் கட்டிப் போட நீ யாருலா? இத்தன வருசம் அவ பேசாம இருந்தத அமைதின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் நானு. பெத்தவ நான் அப்படி நெனச்சிருக்கேன்."

 அண்ணன் கையைக் கழுவிவிட்டுப் போய் அலமாரியைத் திறந்தார்.

6

அந்த ஆளோடு நானே பேசுகிறேன் என்றார் மாமியார். சன்னலோரத்து டின்னில் போனை வைத்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். பதினொரு வயது ஜெனிதான் மொழிபெயர்ப்பாளர். சேவியர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேலை, சம்பளம், பழக்கவழக்கம் என்று எல்லாம் கேட்டார் மாமியார். ஜெனி தன் அரைகுறைத் தமிழில் பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"ராத்திரி கொழந்த அழுதா ரெண்டு பேருல யாருக்குக் கேக்கும்?"

 சேவியர் நிதானமாகக் கை அசைத்தார். ஜெனி பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு அம்மாவுக்கும் காது கேக்காதாம், பாட்டி. இவரு பேபியா இருந்தப்ப அவங்க இவரு நெஞ்சுல கை வச்சிக்கிட்டே தூங்குவாங்களாம். அழுதா கைக்குத் தெரிஞ்சிருமாம்."

மாமியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அமலா பின்னால் கதவோடு ஒட்டி நின்றிருந்தாள்.

அந்தோணி அண்ணன் நேரில் பார்க்காமல் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றார். அதுவும் நியாயம்தான். அவரும் ஜேம்ஸும் காரை எடுத்துக்கொண்டு தைப்பிங் போனார்கள். சேவியர் வீட்டில் அவர் அம்மா, அக்கம்பக்கத்துச் சிநேகிதர்கள் என்று நிறைய பேர் வந்திருந்தார்களாம். அத்தனை பேரும் சைகையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகளுக்குத் தெரியவேண்டுமே என்று நடுநடுவே போனில் மலாயில் தட்டச்சு செய்து காட்டினார்கள். திரும்பி வந்த அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல மனுசங்கலா," என்றார். பிறகு, "நாந்தான் அங்க ஊம மாதிரி ஒக்காந்திருந்தேன். எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கு ஒன்னும் புரியல. நானும் சிரிச்சேன்" என்றார்.

அமலா உள்ளேயிருந்து வந்தாள். அண்ணன் எழுந்து, தன் பாக்கெட்டில் இருந்த போனை எடுத்து, அங்கே எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டினார்.

7

திருமணப் பதிவுக்கு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எனக்கு அரசாங்க முகப்பு என்றாலே அந்தச் சூசைராஜ் கூப்பாடுதான் ஞாபகம் வரும். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவருக்குச் சான்று வேண்டும், வேறொரு நாள் வாருங்கள் என்று இரண்டு தடவை அலைந்தோம். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. மொழிபெயர்ப்பாளரும் பக்கத்தில் இருந்தார். ஆனாலும் அங்கே இருந்த அதிகாரி பழக்கத்தில் அந்தோணி அண்ணனைப் பார்த்து, இவளுக்குச் சம்மதமா என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அமலா மேசையை விரலால் தட்டினாள். போனில் எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தாள். 'என்னிடம் கேளுங்கள்' என்று மலாயில் எழுதியிருந்தாள். அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவளைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

திருமணம் எங்கள் சிற்றாலயத்தில் நடந்தது. குழுக்களில் செய்தி போயிருக்கிறது. பினாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பெரிய கூட்டம் வந்து இறங்கியது. தோட்டத்து ஆட்கள் அசந்துபோனார்கள். வாக்குறுதி கொடுக்கும் நேரத்தில் அமலாவும் சேவியரும் கையால் பேசினார்கள். வந்தவர்கள் எல்லாரும் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல் என்று ஜெனி எனக்குச் சொன்னாள். கொஞ்சம் தயங்கி, பின்வரிசையில் நம் ஆட்களும் தூக்கினார்கள். அந்தோணி அண்ணன் முதல் வரிசையில் கைகளை உயர்த்திக்கொண்டு அழுதார்.

8

அமலா தைப்பிங் போய்விட்டாள். அவள் குரல் எப்போதுமே இல்லாத வீடுதான். ஆனாலும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. போகும்போது மாமியாருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதுவரை போனைத் தொட்டதில்லை. எனக்கு எதுக்கு, கண்ணும் தெரியல, விரலும் நடுங்குது என்று தள்ளிக்கொண்டே வந்தவர். ஒரு வாரம் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெனியைக் கூப்பிட்டார். போனைக் கற்றுக்கொடு என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது சைகை மொழியை.

எழுபது வயதில் ஆரம்பித்தார். பள்ளிவிட்டு வந்ததும் ஜெனி ஒரு நாளைக்கு நாலைந்து சொல் காட்டுவாள். மூட்டுவலியில் விரல் மடங்காது. மருமகன் சாப்பிட்டாரா என்று கேட்கப்போய் மருமகன் செத்துவிட்டாரா என்று கேட்டுவிட்டாராம். அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் படம் ஆடியது. நான் மாமியாரிடம் என் தேங்காய்வலிக் கதையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் மறுபடி உட்கார்ந்தார். ஜெனியும் அவருக்கு விளக்கிச் சொல்வதற்காகவே தமிழ் வார்த்தைகளைத் தேடித் தேடி என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்தாள். நான் அதட்டியபோதெல்லாம் வராத தமிழ் அது.

போன மாதம் ஒரு மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. சமையற்கட்டிலிருந்து எனக்கு முன்னறை தெரியும். மாமியார் சன்னலோரத்தில் அமலாவோடு பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று ஜெனியைக் கூப்பிட்டு, 'பயந்தாயா' என்பதற்கு என்ன கை என்று கேட்டார். ஜெனி காட்டினாள். பிறகு மாமியார் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கை காட்டினார். நடுநடுவே வாயாலும் சொல்லிக்கொண்டார். அதனால் எனக்குக் கேட்டது. ஏழு வயதில் அவளை விடுதியில் விட்ட நாளைப் பற்றி. அது பள்ளிக்கூடம் என்றோ, மாதம் பிறந்தால் அம்மா பார்க்க வருவேன் என்றோ அன்று பிள்ளைக்குச் சொல்ல அவரிடம் சைகை இருக்கவில்லை. பிள்ளை பிடித்திருந்த கையை உதறிவிட்டு வந்து பஸ் ஏறியிருக்கிறார். பஸ்ஸில் ஊர்வரை அழுதிருக்கிறார். நீ பயந்தாயா?

 அமலாவின் கை வேகமாக ஓடியது. மாமியாருக்குப் பிடிபடவில்லை. ஜெனி சொன்னாள்.

"ஃபர்ஸ்ட் அவங்கள யாருக்கோ குடுத்துட்டீங்கன்னு நெனச்சாங்களாம், பாட்டி. ரெண்டு மூனு வாட்டி நீங்க வந்து பாத்த பொறகுதான் இல்லன்னு தெரிஞ்சிச்சாம். ஏன் இத்தன வருசம் இதக் கேக்கலன்னு கேக்குறாங்க."

மாமியார் தன் இரண்டு கைகளையும் திரைக்கு முன்னால் நீட்டினார். அதற்கு அவருக்குச் சைகை தெரியவில்லை.

"எனக்குக் கை தெரியாம இருந்துச்சின்னு சொல்லு."

ஜெனி சொன்னாள். அமலா முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரைக்கு அருகே வந்து, மிக மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஏதோ கை காட்டினாள். மாமியாருக்கு அது புரிந்துவிட்டது. அவரும் பதில் காட்டினார். ஜெனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமியார் திரும்பிப் பார்க்காமலே, "நீ போயிச் சாப்புடு. நாங்க பேசிக்கிறோம்" என்றார்.

ஜெனி சமையற்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தட்டைக் கழுவி அவளுக்குச் சோறு போட்டேன். முன்னறையில் சத்தம் எதுவும் இல்லை. வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.